அமெரிக்க வாழ்க்கைத்துணை விசா: இராமநாதபுரக் கடற்கரையிலிருந்து மும்பை நேர்காணல் வரை

கணவரோ மனைவியோ அமெரிக்காவில் இருக்க, கீழக்கரையிலும் தொண்டியிலும் தங்கச்சிமடத்திலும் காத்திருப்பவர்கள் எல்லோரும் பயப்படுவது மும்பை நேர்காணலுக்குத்தான். அந்த விசாவை வாங்கியவள் என்ற முறையில் சொல்கிறேன், நேர்காணல் சில நிமிடங்களில் முடிந்துவிடும். விசா கிடைப்பதும் இழுபடுவதும் அதற்கு வெகு முன்பே சார்பதிவாளர் அலுவலகத்திலும் நகராட்சியிலும் மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்திலும் முடிவாகிவிடுகிறது. அதனால் இங்கே பாதிக்கு மேல் காகிதங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். கட்டணங்கள் அவ்வப்போது மாறும். பணம் கட்டும் முன் அமெரிக்க அரசின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. எந்த வகை விசா?

மனு போடுபவர், அதாவது அமெரிக்காவில் இருக்கும் துணை, அமெரிக்கக் குடிமகனா, கிரீன் கார்டு வைத்திருப்பவரா என்பதைப் பொறுத்தே எல்லாம். ஊரில் இரண்டையும் ஒன்றாகவே பேசுவார்கள். சம்பந்தம் பேசும்போதே கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

குடிமகனின் துணைக்கு ஆண்டுக்கு இத்தனை விசா என்ற வரம்பு கிடையாது. திருமணமாகி இரண்டு ஆண்டு முடிவதற்குள் அமெரிக்காவில் இறங்கினால் சிஆர்1 வகை. கிரீன் கார்டு இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும். திருமணமாகி இரண்டு ஆண்டு முடிந்த பிறகு இறங்கினால் ஐஆர்1, பத்து ஆண்டு அட்டை. மனு போடுபவர் கிரீன் கார்டுக்காரர் என்றால் எஃப்2ஏ வகை. அதற்கு வரம்பு உண்டு. அமெரிக்க வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் விசா புல்லட்டினில் உங்கள் முன்னுரிமைத் தேதி (மனு போய்ச் சேர்ந்த தேதி) வரும்வரை காத்திருக்க வேண்டும். இடையில் அவர் குடியுரிமை பெற்றுவிட்டால் உடனே தெரிவியுங்கள், வழக்கு குடிமகன் வகைக்கு மாறிவிடும்.

குடிமகன் வழக்கிலேயே மனுவிலிருந்து விசா வரை ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலையை விடுவது, விமான டிக்கெட் எடுப்பது, நகையை விற்பது எல்லாம் பாஸ்போர்ட்டில் விசா ஒட்டி வந்த பிறகு இருக்கட்டும்.

2. திருமணப் பதிவு: மாப்பிள்ளை ஊரில் இருக்கும்போதே

தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009-இன்படி எந்த மதத்துத் திருமணமானாலும் 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாட்கள் அவகாசம் உண்டு. அதையும் தாண்டினால் வக்கீல் வீட்டு வாசலில்தான் நிற்க வேண்டும்.

நம் பக்கத்தில் நடப்பது என்னவென்றால், மாப்பிள்ளை மூன்று வாரம் விடுப்பில் வருவார். முதல் வாரம் கல்யாணம், அடுத்த வாரம் விருந்து, மூன்றாவது வாரம் மதுரை விமான நிலையம். பதிவை யாரும் நினைப்பதில்லை. அவர் நேரில் வந்து கையெழுத்துப் போடாமல் பதிவு நடக்காது. அவருடைய அடுத்த விடுப்பு வரை மனுவும் நகராது. வயதுச் சான்று, முகவரிச் சான்று, கல்யாணப் பத்திரிகை, புகைப்படங்கள், இரண்டு சாட்சிகள் எல்லாவற்றையும் கல்யாணத்துக்கு முன்பே எடுத்துவைத்து, விருந்துக்கு முன்பு பதிவை முடித்துவிடுங்கள். விருந்தை அடுத்த விடுப்பில்கூட வைத்துக்கொள்ளலாம்.

ஜமாஅத் நிக்காஹ் பதிவேட்டின் நகலும் பங்குக் கோவில் திருமணப் பதிவேட்டின் நகலும் துணைச் சான்றுகளாக நன்றாக உதவும். அரசுச் சான்றிதழின் இடத்தை அவை நிரப்பாது. இரண்டையும் வாங்கிக்கொள்ளுங்கள், தேதியும் பெயர்களும் ஒன்றாக இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று பாருங்கள்.

போனில் நடக்கும் நிக்காஹ் தனிச் சிக்கல். சடங்கின்போது இருவரும் ஒரே இடத்தில் இல்லாத திருமணத்தை, அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து வாழ்ந்திருந்தால் மட்டுமே அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் ஏற்கும். போனில் நிக்காஹ் முடித்து, நேரில் சந்திக்கும் முன்பே மனு போட்டால் அது நிற்காது.

இருவரில் யாருக்காவது முந்தைய திருமணம் இருந்திருந்தால் அது சட்டப்படி முடிந்ததற்கான ஆவணம் வேண்டும்: நீதிமன்றத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் அல்லது இறப்புச் சான்றிதழ். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் எழுதி வாங்கிய விலக்குக் காகிதம் ஒன்றை மட்டும் நம்பி மனுவில் இறங்காதீர்கள்.

3. பெயர்

காகிதங்களில் நமக்கு அதிக வேலை வைப்பது பெயர்தான். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல், ஆதாரில் தந்தை பெயர், பாஸ்போர்ட்டில் வெறும் பெயர். முகம்மது என்பதை ஆங்கிலத்தில் எழுத எத்தனை வழி உண்டோ அத்தனையும் ஒரே குடும்பத்தில் இருக்கும்; ஒரே ஆளின் காகிதங்களிலும் இருக்கும்.

பாஸ்போர்ட்தான் அளவுகோல். மற்றவற்றை அதற்கு இசைவாகத் திருத்துங்கள். பாஸ்போர்ட்டிலேயே குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், உங்கள் பெயர் முழுவதும் விசாவில் குடும்பப் பெயராகிவிடும். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யு’ என்று விழும். முதல் பெயர் தெரியவில்லை என்று பொருள். அது கிரீன் கார்டுக்கும் போகும், அங்கிருந்து ஓட்டுநர் உரிமத்துக்கும் வங்கிக்கும் போகும். மனு போடும் முன்பே இனிஷியலை விரித்து, தந்தை பெயரைக் குடும்பப் பெயராகக் காட்டும் பாஸ்போர்ட்டை வாங்கிவிடுவது என் யோசனை. திருமணச் சான்றிதழுக்கு முன்பே இதைச் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது.

கணவர் பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். விசாவுக்கு அது தேவையில்லை. திருமணச் சான்றிதழே உறவைக் காட்டிவிடும். சேர்த்தால் இன்னொரு காகிதத்தில் இன்னொரு பெயர் வரும், அவ்வளவுதான்.

4. ஐ-130 மனு

துணையை அழைத்துக்கொள்ள அமெரிக்க அரசிடம் போடும் முதல் மனு இதுதான். இதை அமெரிக்காவில் இருப்பவர் போட வேண்டும். இணையவழிக் கட்டணம் 625 டாலர், தாளில் அனுப்பினால் 675. வெளிநாட்டில் இருக்கும் துணையின் விவரங்களுக்கான ஐ-130ஏ படிவமும் சேர வேண்டும். மனு போடுபவருடைய குடியுரிமைச் சான்று அல்லது கிரீன் கார்டு நகல், திருமணச் சான்றிதழ், முந்தைய திருமணம் முடிந்த ஆவணம், இருவரின் புகைப்படம் ஆகியவை அடிப்படை.

திருமணம் உண்மையானது என்பதற்கான சான்றுகளில்தான் ஆட்கள் அளவு மீறுவார்கள். வாட்ஸ்அப் உரையாடலை ஆயிரம் பக்கம் அச்சிட்டு அனுப்பினால் படிக்க ஆள் இல்லை. மாதத்துக்கு ஒன்றிரண்டு பக்கம், அழைப்புப் பட்டியல், அவர் வந்து போனதைக் காட்டும் பாஸ்போர்ட் முத்திரைகளும் விமானச் சீட்டுகளும், வங்கியில் வந்த பணத்தின் விவரம், காப்பீட்டிலோ கணக்கிலோ ஒருவரையொருவர் நாமினியாகப் போட்டது, இவை போதும். புகைப்படங்களில் மேடைப் படம் ஒன்றிரண்டு இருந்தால் சரி. இரு வீட்டுப் பெரியவர்களும் சேர்ந்து இருக்கும் படங்கள், வெவ்வேறு நாட்களில் எடுத்தவை, பின்னால் யார், எங்கே, எப்போது என்று எழுதி வையுங்கள். மொய் நோட்டைக் கேட்க மாட்டார்கள்.

குழந்தை இருந்தால் கவனியுங்கள். குடிமகன் வகையில் மனைவியின் மனுவிலேயே குழந்தையைச் சேர்க்க முடியாது. ஒவ்வொருவருக்கும் தனி ஐ-130 வேண்டும். எஃப்2ஏ வகையில் சேர்த்துக்கொள்ளலாம்.

மனு நிலுவையில் இருக்கும்போது ‘சும்மா பார்த்துவிட்டு வருகிறேன்’ என்று சுற்றுலா விசா கேட்டால் பெரும்பாலும் மறுப்பார்கள். குடியேறும் எண்ணம் உங்கள் மனுவிலேயே எழுதியிருக்கிறதே.

5. என்விசி கட்டம்

மனு ஏற்கப்பட்டதும் கோப்பு அமெரிக்காவின் நேஷனல் விசா சென்டருக்கு (என்விசி) போகும். மும்பைக்கான வழக்கு எண் பிஎம்பி என்ற மூன்று எழுத்தில் தொடங்கும். இரண்டு கட்டணங்கள்: விசா விண்ணப்பத்துக்கு 325 டாலர், ஆதரவு உறுதிமொழிப் பத்திரத்துக்கு 120 டாலர். இவற்றை அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்துதான் கட்ட முடியும். நம் ஊர் கார்டு செல்லாது. ஓராண்டு முழுக்க அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காமல் இருந்தால் வழக்கை மூடிவிடுவார்கள்.

ஐ-864 என்னும் ஆதரவுப் பத்திரத்தில், உங்களைக் காப்பாற்றப் போதுமான வருமானம் தனக்கு உண்டு என்று கணவர் சட்டப்படி உறுதி தருகிறார். வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதம் வேண்டும். 2025-ஆம் ஆண்டு அளவின்படி இரண்டு பேர் கொண்ட குடும்பத்துக்கு அது 26,437 டாலராக இருந்தது. அவர் முன்பு வேறு யாருக்காவது பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தத் தலைகளும் கணக்கில் சேரும். வருமானம் குறைந்தால் அமெரிக்காவில் வசிக்கும் இன்னொரு குடிமகனோ கிரீன் கார்டுக்காரரோ கூட்டு ஸ்பான்சராக வரலாம். உறவினராக இருக்க வேண்டும் என்பதில்லை. கடைசி ஆண்டு வருமான வரி விவரத்தை வரித்துறையிலிருந்தே எடுத்து இணைக்கச் சொல்லுங்கள்.

டிஎஸ்-260 என்னும் இணையவழி விசா விண்ணப்பத்தை நீங்களே நிரப்புங்கள். பதினாறு வயதிலிருந்து வசித்த முகவரிகள், வேலைகள், ஐந்து ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகள், பழைய விசா மறுப்புகள் எல்லாம் கேட்கும். எனக்கு வாய்த்த ஏஜென்ட் ஒருவர், பழைய மறுப்பை எழுத வேண்டாம், அவர்களுக்குத் தெரியாது என்று வெற்றிலை போட்டுக்கொண்டே சொன்னார். அவர்களிடம்தான் அந்தப் பதிவே இருக்கிறது. மறுப்பு இருந்ததால் விசா போய்விடாது. மறைத்தது தெரிந்தால் நிரந்தரத் தடை விழக்கூடும்.

கடலுக்குப் போகிற குடும்பங்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். உலகில் எங்காவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா என்று விண்ணப்பம் கேட்கிறது. எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்து, அங்கே நீதிமன்றத்தில் நிறுத்தி, பிறகு விடுவித்திருந்தாலும் பதில் ‘ஆம்’தான். நம் ஊரில் அது குற்றமாகவே யாருக்கும் படாது. ஆனால் படிவத்துக்கு அது கைது. நீதிமன்ற ஆவணத்தின் சான்றிட்ட நகலை முன்கூட்டியே தேடி வையுங்கள், இலங்கையிலிருந்து வாங்க நாளாகும். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் குடிவரவு வக்கீலுக்குப் பணம் கொடுப்பது வீண் செலவு இல்லை.

6. பிறப்புச் சான்று, காவல்துறைச் சான்று, மொழிபெயர்ப்பு

பிறப்புச் சான்றிதழ் பிறந்த இடத்தில்தான் கிடைக்கும். வீடு ஏர்வாடியாக இருந்தாலும், பிரசவம் மதுரை ஆஸ்பத்திரியில் என்றால் பதிவு மதுரை மாநகராட்சியில். பெயர் இல்லாமல் ‘பெண் குழந்தை’ என்று மட்டும் இருக்கும் சான்றிதழ் செல்லாது. பெயரைச் சேர்த்து வாங்குங்கள். வீட்டில் பிறந்து பதிவே இல்லாதவர்கள், பதிவு இல்லை என்ற சான்றை உள்ளாட்சி அலுவலகத்தில் வாங்கி, பள்ளிச் சான்று அல்லது ஞானஸ்நானச் சான்று, பெற்றோரின் உறுதிமொழிப் பத்திரம் ஆகியவற்றோடு வைக்க வேண்டும். இப்போது புதிதாகப் பதிவு செய்ய நினைத்தால் கோட்டாட்சியர் உத்தரவு வரை போகும். அப்படிப் பதிந்தாலும் பழைய பள்ளிச் சான்றுகளைத் தூக்கி எறியாதீர்கள்; தாமதப் பதிவைப் பார்த்தால் துணை ஆவணம் கேட்பார்கள்.

காவல்துறைச் சான்றை உள்ளூர்க் காவல் நிலையத்தில் வாங்கினால் பயன் இல்லை. பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பித்து வாங்கும் பிசிசி (போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழ்) தான் வேண்டும். கட்டணம் 500 ரூபாய்; நம் மாவட்டம் மதுரை மண்டல அலுவலகத்தின் கீழ் வருகிறது. எந்த நாட்டுக்கு என்ற இடத்தில் அமெரிக்காவைக் குறிப்பிடுங்கள். வளைகுடா வேலைக்கு வாங்கிய பழைய பிசிசி உதவாது. பாஸ்போர்ட்டில் உள்ள முகவரியில் இப்போது வசிக்கவில்லை என்றால் காவல்துறை விசாரணையில் சான்று நின்றுபோகும்; இப்போதைய முகவரியையே கொடுங்கள்.

சபுரில், அதாவது வெளிநாட்டு வேலையில், இருந்தவர்களுக்கு இன்னொரு சுமை உண்டு. பதினாறு வயதுக்குப் பிறகு ஓராண்டோ அதற்கு மேலோ வசித்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் காவல்துறைச் சான்று வேண்டும். துபாய், சவுதி, சிங்கப்பூர், மலேசியா, புருனே என்று வரிசையாக உழைத்தவர்களுக்கு இதுவே பல மாத வேலை. எந்த நாட்டில் எப்படி வாங்குவது, எங்கே கிடைக்காது என்பதை அமெரிக்க வெளியுறவுத் துறைத் தளத்தில் நாடுவாரியாகப் போட்டிருக்கிறார்கள். இன்னும் அங்கேயே வேலையில் இருந்தால் கிளம்பும் முன் வாங்கிவிடுங்கள். ஊருக்கு வந்த பிறகு கைரேகை எடுத்து, தூதரகம் வழியாக அனுப்பி, அலைச்சல்தான்.

தமிழில் மட்டும் இருக்கும் எந்தத் தாளுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். இரு மொழியும் தனக்குத் தெரியும், மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது என்று மொழிபெயர்த்தவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பெயரும் தேதியும் முகவரியும் அதில் இருக்கட்டும். பெயர்களைப் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளிலேயே எழுதச் சொல்லுங்கள். ஸ்கேன் எடுக்கும்போது அசலை, வண்ணத்தில், பின்பக்கத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும். முத்திரை பெரும்பாலும் பின்னால்தான் இருக்கும்.

மண்டபம் முகாமில் வசிக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு ஆவண நிலைமையே வேறு. அவர்கள் இதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

7. மருத்துவப் பரிசோதனை

எல்லா ஆவணமும் சரி என்று என்விசி சொன்ன பிறகு நேர்காணல் தேதிக்குக் காத்திருக்க வேண்டும். தேதி வந்ததும் முதல் வேலை மருத்துவப் பரிசோதனை. தூதரகம் அங்கீகரித்த மருத்துவர்களிடம் மட்டும்தான் எடுக்கலாம். பட்டியலில் யார் யார் என்று அந்தச் சமயத்தில் பார்த்து நேரம் வாங்குங்கள். குடும்ப டாக்டர் எத்தனை கெட்டிக்காரர் என்றாலும் அவர் கையெழுத்து செல்லாது.

மார்பு எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, தடுப்பூசி ஆகியவை உண்டு. சிறு வயதுத் தடுப்பூசி அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள், சில ஊசிகளும் செலவும் மிச்சமாகும். எக்ஸ்ரேயில் காசநோய்ச் சந்தேகம் வந்தால் சளியை வளர்த்துப் பார்ப்பார்கள். அதற்கு எட்டு வாரம் வரை ஆகும். எப்போதோ காசநோய்க்கு மருந்து சாப்பிட்டிருந்தால் பழைய சிகிச்சைச் சீட்டுகளைக் கொண்டுபோங்கள். கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சில தடுப்பூசிகளைப் போட மாட்டார்கள். நேர்காணலுக்கு முந்தின நாள் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். மாதக்கணக்கில் முன்கூட்டியும் வேண்டாம். முடிவு அதிகபட்சம் ஆறு மாதம்தான் செல்லும், விசாவின் காலமும் அதையொட்டியே அமையும்.

8. மும்பைப் பயணம்

சென்னையில் அமெரிக்கத் துணைத் தூதரகம் இருக்கிறதே என்று கேட்பார்கள். குடியேற்ற விசா நேர்காணல் மும்பையில், பாந்திரா குர்லா காம்ப்ளெக்ஸில் உள்ள துணைத் தூதரகத்தில். உங்கள் நேர்காணல் கடிதத்தில் போட்டிருக்கும் இடத்தைப் பார்த்தபிறகே டிக்கெட் எடுங்கள். பாஸ்போர்ட் திரும்பி வரவேண்டிய இடத்தை இணையத்தில் பதிவு செய்வது, கைரேகைக்குத் தனி நாள் என்று கடிதத்தில் என்ன சொல்லியிருக்கிறதோ அதையும் முடித்துவிடுங்கள்.

நமக்கு வசதி மதுரை விமான நிலையம். நாகர்கோவிலிலிருந்து மதுரை வழியாக மும்பைக்கு ரயிலும் உண்டு. ஒன்றரை நாள் உட்கார்ந்து போகப் பொறுமை வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நேர்காணல் என்றால் இராமேஸ்வரம் தீவில் இருப்பவர்கள் ஒருநாள் முன்னதாகவே கிளம்பி விடுங்கள். காற்று பலமானால் பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்திவிடுவார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பை மழையையும் நம்ப முடியாது. தாராவியும் மாட்டுங்காவும் தூதரகத்துக்குத் தூரம் இல்லை. தமிழ்ப் பேச்சும் இட்லியும் கிடைக்கும்.

9. நேர்காணல் நாள்

பாஸ்போர்ட், நேர்காணல் கடிதம், டிஎஸ்-260 உறுதிப் பக்கம், வெள்ளைப் பின்னணியில் கண்ணாடி இல்லாமல் எடுத்த இரண்டு அங்குலச் சதுரப் புகைப்படங்கள், எல்லாச் சான்றுகளின் அசல், மொழிபெயர்ப்பு, ஐ-864 நகல். இவற்றை ஒளி ஊடுருவும் ஒரே உறையில் வைத்துக்கொள்ளுங்கள். மொபைல், கைப்பை, மின்னணுப் பொருள் எதுவும் உள்ளே போகாது. கூட வந்தவர்களையும் வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். போனை ஓட்டல் அறையிலோ அவர்களிடமோ விட்டுச் செல்லுங்கள்.

உள்ளே ஆவணச் சரிபார்ப்பு, கைரேகை, பிறகு அதிகாரி. கையை உயர்த்தி உண்மையே சொல்வேன் என்று உறுதிமொழி எடுக்கச் சொல்வார். எப்படிச் சந்தித்தீர்கள், யார் பேசி முடித்தார்கள், கணவர் எந்த ஊரில் இருக்கிறார், என்ன வேலை, கடைசியாக எப்போது வந்தார், கல்யாணத்துக்கு அவர் வீட்டிலிருந்து யார் வந்தார்கள், முன்பு யாருக்காவது திருமணம் ஆகியிருந்ததா? இந்த வகைக் கேள்விகள்தான். பெரியோர் நிச்சயித்த திருமணத்தை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். காதல் கதை ஒன்றை ஜோடிக்க வேண்டாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அவர் சம்பளம் எவ்வளவு என்று மனைவிக்குத் தெரியாமல் இருப்பது நம் ஊரில் புதுமை இல்லை, ஆனால் ஐ-864-இல் எழுதியிருக்கும் தொகையை ஒருமுறை பார்த்துக்கொண்டு போவது நல்லது. ஆங்கிலம் தடுமாறும் என்றால் மொழி உதவி கிடைக்குமா என்று தூதரகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

10. முடிவு

விசா உண்டு என்றால் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்வார்கள். ஏதாவது குறைந்தால் 221ஜி என்ற சீட்டைக் கொடுப்பார்கள். அன்று இரவு இணையத்தில் உங்கள் வழக்குக்கு நேரே ‘மறுக்கப்பட்டது’ என்று காட்டும். அழுது ஊரைக் கூட்ட வேண்டாம். கேட்ட ஆவணத்தை ஓராண்டுக்குள் கொடுத்தால் அதே விண்ணப்பம் தொடரும். கூடுதல் பரிசீலனை என்று மட்டும் சொல்லியிருந்தால் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

விசா வந்ததும் பெயர், பிறந்த தேதி, வகை ஆகியவற்றை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பிழை இருந்தால் பயணத்துக்கு முன்பே திருத்த வேண்டும். மூடிய உறை ஒன்றைத் தந்திருந்தால் அதைப் பிரிக்கக் கூடாது. கிளம்பும் முன் குடியேறுவோர் கட்டணம் 235 டாலரை இணையத்தில் கட்டுங்கள். கட்டாவிட்டால் கிரீன் கார்டு அட்டை வராது. மனுவிலிருந்து இதுவரை அமெரிக்க அரசுக்கு மட்டும், இணையவழி மனு என்றால், 1,305 டாலர். மருத்துவம், பயணம், மொழிபெயர்ப்பு எல்லாம் தனி.

விமான நிலையத்தில் முத்திரை விழுந்த விசாவே ஓராண்டுக்குக் கிரீன் கார்டாகச் செல்லும்; அட்டை அமெரிக்க முகவரிக்குத் தபாலில் வரும். சிஆர்1-இல் போனவர்கள் அட்டையின் காலாவதித் தேதிக்கு முந்தைய 90 நாட்களுக்குள், இரண்டு ஆண்டு நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 மனுவைக் கணவருடன் சேர்ந்து போட வேண்டும். அதற்குக் கூட்டு வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், வரிக் கணக்கு எல்லாம் கேட்பார்கள். போன முதல் மாதத்திலிருந்தே ஒரு கோப்பு போட்டுச் சேர்த்துவையுங்கள்.